உல்லாசப் பூங்காவுக்கு எந்த மாதம் நல்ல மாதம்?

"பரீட்சை முடியட்டும், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காத தாய் உண்டா? பங்குனி பிறந்ததுமே வீட்டில் நச்சரிப்பு ஆரம்பமாகிவிடும். பேப்பரைப் பிரித்தால் கோடைக் கொண்டாட்ட விளம்பரம், டி.வி.யைப் போட்டால் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு வரும் குழந்தைகள். உல்லாசப் பூங்கா என்றாலே மே மாதம்தான் என்று நம் மனதில் ஊறிப் போய்விட்டது. ஆனால் சகோதரிகளே, மே மாதம் யாருக்குச் சௌகரியம்? பள்ளிக்கூடத்துக்குச் சரி. நமக்கு? எங்கள் குடும்பத்தில் இதற்கு விடை தேட, வருஷத்தின் பன்னிரண்டு மாதத் தாள்களையும் புரட்ட வேண்டியதாகப் போயிற்று.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது விருதுநகரில். என் வீட்டுக்காரர் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறார். மார்ச் 31 கணக்கு முடியும் வரை அவர் சாப்பிட வருவதே அபூர்வம். என் தங்கையைக் கொடுத்திருப்பது சிவகாசியில்; அவள் வீட்டுக்காரருக்கு அச்சாபீஸில் வேலை. என் நாத்தனாரும் அவள் கணவரும் சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸுக்குப் போகிறவர்கள். வெளியூர்ச் சகோதரிகள் 'ஆபீஸ்' என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துவிடக் கூடாது. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சாபீஸ் என்று எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கே அதுதான் பெயர்!

இந்த மூன்று வீடும் சேர்ந்து ஒரே ஒரு நாள், குழந்தை குட்டிகளோடு உல்லாசப் பூங்காவுக்குப் போய் வர வேண்டும். ஆசை அவ்வளவுதான். 2024-இல் சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கலுக்கு எல்லோரும் தங்கை வீட்டில் கூடியபோது பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கிளப்பினார்கள். "வர்ற ஞாயிற்றுக்கிழமையே போலாம் பெரியம்மா!" என்று தங்கை மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் மட்டும் ஒன்றும் பேசாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க மதினி. எங்க வீட்டை விட்டுருங்க" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பீஸ் கணக்குக் கூலி. எத்தனை கட்டு முடிக்கிறாளோ அத்தனைக்குக் காசு. மாதச் சம்பளக்காரர் லீவு போட்டால் லீவு; அவள் லீவு போட்டால் பட்டினி நாள். பூங்கா டிக்கெட்டோடு அன்றைய கூலியையும் சேர்த்துத்தான் அவள் செலவுக் கணக்குப் போட வேண்டும். சனிக்கிழமை என்றால் கூலி வாங்கும் நாள், அன்று நகரவே முடியாது. அவளுடைய மகன் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டால் அப்புறம் டியூஷன், பரீட்சை என்று அவனை அசைக்க முடியாது. ஒரு வருஷத்துக்குள் போனால் உண்டு. அவளை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் ராட்டினம் சுற்றி வந்தால் அது என்ன உல்லாசம்?

சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிக் கீழே விரித்தேன். சிவப்புப் பென்சில் ஒன்று எடுத்து, முடியாத நாட்களை எல்லாம் அடித்துக்கொண்டே போனோம்.

முதலில் மே மாதம். வெயில்தான் பெரிய எதிரி. கத்திரி வெயிலில் மதுரையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. "தண்ணீரில்தானே விளையாடுகிறார்கள், வெயில் என்ன செய்யும்?" என்று பலர் கேட்கிறார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறோம். உடம்பு நனைந்திருப்பதால் குழந்தைக்குத் தாகம் தெரிவதில்லை. வேர்ப்பதும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் ஒரு மே மாதம் வெளியூரில் ஒரு பூங்காவுக்குப் போனார்கள். நடுப்பகலில் அவர்களுடைய நாலு வயதுப் பையன் முகமெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்து, துவண்டு விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றி அழைத்து வந்தார்கள். போனது உல்லாசத்துக்கு, வந்தது அப்படி!

கூட்டமும் அதே மாதம்தான். ஐந்து நிமிஷ விளையாட்டுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்பது யார்? இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக நாம்தான். பெரிய ஊர்க்காரர்கள்கூட இதற்குத் தப்பவில்லை. அமெரிக்காவில் டிஸ்னிலாண்டு 1955 ஜூலை 17-ஆம் தேதி திறந்தபோது கொளுத்தும் வெயில். எதிர்பார்த்ததைவிடப் பெருங்கூட்டம் வந்துவிட்டது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தனவாம். குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்களும் போதவில்லை. அவ்வளவு பணம் போட்டுக் கட்டியவர்களுக்கே நாள் பார்ப்பதில் அந்தக் கதி!

எங்கள் பக்கத்தில் வெயில் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. காய்ந்த காற்றில், சூட்டில், மருந்து சிறு உராய்வுக்கும் பொறுக்காது. 2024 மே 9-ஆம் தேதி சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் பலர் உயிர் இழந்தார்கள். அந்த வாரம் எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள்கூடச் சத்தம் போட்டு விளையாடவில்லை. பயர் ஆபீஸுக்கு ஆள் அனுப்பும் வீடுகளில், வெயில் ஏற ஏறச் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மனநிலையில் ஊஞ்சலும் ராட்டினமும் எப்படி இனிக்கும்?

போதாததற்கு ஜூன் மாதம் பின்னாலேயே வருகிறது. பீஸ், நோட்டு, சீருடை, செருப்பு. மே மாதம் கடன் வாங்கி ஊர் சுற்றினால் ஜூன் மாதம் வட்டியோடு வந்து நிற்கும். ஆகவே மே மாதத்தின் மேல் பெரிய சிவப்புக் கோடு.

ஜூன் முதல் தீபாவளி வரை கேட்கவே வேண்டாம். நாடெல்லாம் கொண்டாடும் தீபாவளிக்கு மத்தாப்பும் சரவெடியும் எங்கள் பக்கத்தில்தான் தயாராக வேண்டும். அச்சாபீஸிலோ ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். அதிலிருந்து ஜனவரி வரை இரவு பகல் என்று பாராமல் மிஷின் ஓடும். செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு வருகிறது. ஆனால் அப்போது எந்த அப்பாவும் வீட்டில் இல்லை. எல்லா வீடுகளும் விடுமுறை நாளைத் தேடிப் பார்க்கிற காலண்டரை அச்சடிப்பவர்களுக்கு, அதை அச்சடிக்கும்போது விடுமுறை இல்லை!

"தீபாவளி கழிஞ்சதும் எங்களுக்குக் கொஞ்ச நாள் ஆபீஸ் இல்லையே, அப்பப் போனா என்ன?" என்று நாத்தனார் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தீபாவளிக்குப் பிறகு பயர் ஆபீஸ்களைச் சில வாரங்கள் அடைத்துவிடுவார்கள். போனஸ் காசும் கையில் இருக்கும். ஆனால் அது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். மழையும் இடியும் வந்தால் உயர ஏறும் ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். கொடுத்த டிக்கெட் காசுக்குக் கூரையடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம். ஈரத்தில் ஊறிய குழந்தைக்கு ராத்திரியே மூக்கு ஒழுகும். பள்ளிக்கூடமும் உண்டு, அரையாண்டுப் பரீட்சையும் நெருங்கும். டெல்லியில் அப்பு கர் என்ற பூங்காவை 1984 நவம்பரில் திறந்தார்கள். 2008-இல் மூடும் வரை அது குழந்தைகளின் சொர்க்கமாக இருந்தது. டெல்லிக்கு நவம்பர் இதமான குளிர் மாதம். நமக்கு அது குடை மாதம். ஊருக்கு ஊர் நல்ல காலம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொன்றையும் அவள் சொன்னாள். "அடைச்சிருக்கிறது எல்லாம் லீவு இல்ல மதினி. 2018-ல தீபாவளிக்கு அடைச்சதுதான், எப்பத் திறப்பாங்கன்னு மாசக்கணக்குல உக்காந்திருந்தோமே!" உண்மைதான். அந்த வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை விழுந்தது. அதன்பின் ஆலைகள் 2019-இலும் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. கையில் வேலை இருந்து, இன்றைக்கு வேண்டாம் என்று நாமே ஒதுக்கி வைக்கும் நாள்தான் ஓய்வு. வேலை இல்லாமல் உட்காரும் நாள் ஓய்வல்ல, கவலை.

டிசம்பர் கடைசி அரையாண்டு லீவைத் தங்கை ஆசையோடு பார்த்தாள். ஆனால் அவள் கணவருக்குக் காலண்டர், டைரி வேலையின் உச்சம் அது. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்து பூங்காக்களில் மே மாதத்துக்குச் சளைக்காத கூட்டம். பொங்கல் லீவும் அப்படியே. மேலும் பொங்கலன்று வீட்டை விட்டு எந்தப் பெண் கிளம்புகிறாள்? எல்லாவற்றையும் அடித்த பிறகு, காலண்டரில் ஒரு சின்ன இடம் வெள்ளையாக மிஞ்சியது. தை மாதம் பிற்பாதியும் மாசி முற்பாதியும்!

பாருங்கள், எத்தனை பொருத்தம்! மழை ஓய்ந்துவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை. அச்சாபீஸில் காலண்டர் வேலை முடிந்துவிட்டது. பயர் ஆபீஸில் வேலை இன்னும் சூடு பிடிக்கவில்லை. மண்டியிலும் மார்ச் நெருக்கடி வரவில்லை. பள்ளிக்கூடங்களில் முழுப் பரீட்சைக்கு நாள் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும் இது ஒத்து வராது. நம் நாத்தனார் மகன் அப்போது ஒன்பதாவது. கூலி நாளான சனிக்கிழமையை விட்டு ஞாயிற்றுக்கிழமையை எடுத்தோம். அன்று எல்லா ஆபீஸுக்கும் வார லீவு என்பதால் யாருக்கும் கூலி நஷ்டம் இல்லை.

எந்தப் பூங்கா என்பதிலும் யோசனைதான். சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யும் எம்.ஜி.எம்.மும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தில் பிளாக் தண்டர். கொச்சியில் 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் திறந்து, இன்று வொண்டர்லா என்று வழங்கும் பூங்கா. ஆனால் எங்களுக்கு மதுரை தாண்டிப் பரவையில், திண்டுக்கல் சாலையில் உள்ள அதிசயம் பூங்காதான் பக்கம். விருதுநகரிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை என்பதே பாதி நிம்மதி. அந்தச் சாலையில் தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் இருக்குமே என்று என் மாமியார் எச்சரித்தார். 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. ஆகவே மாசி பிறந்த முதல் ஞாயிறு, பிப்ரவரி 16 என்று வட்டம் போட்டோம்.

வட்டம் போட்டால் போதுமா? பணம் வேண்டாமா? அதற்கு நாத்தனாரே வழி சொன்னாள். தீபாவளி போனஸ் வந்த அன்றே, ஜவுளிக்கும் பலகாரத்துக்கும் முன்னால், மூன்று வீடும் ஆளுக்கு ஒரு தொகையை ஒரே உறையில் போட்டு மாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் கையிலிருந்து வாங்குவது பாங்கு லாக்கரைத் திறப்பதைவிடக் கஷ்டம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்! அந்த உறை பிப்ரவரி வரை பிரியவே இல்லை.

நாள் குறிக்கும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். எல்லோருடைய லீவையும் பார்க்கிறோம், நம் உடம்பின் தேதியைப் பார்ப்பதில்லை. கடைசி நேரத்தில் நினைவு வந்து, தள்ளிப் போடுவதற்கு என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யவே கூடாது. இரத்தக் கட்டு ஏற்பட்டவர்களுக்கு அது ஆபத்து. நாளை நாமே குறிக்கிறோம் என்றால் ஒரு வாரம் முன்னே பின்னே குறித்தால் போயிற்று. வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் எதற்கு? கர்ப்பிணிகள் பூங்காவுக்கு வந்து நிழலில் உட்காரலாம். குலுக்கித் தூக்கிப் போடும் விளையாட்டுகள் அறவே கூடாது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைத் தண்ணீரில் விடாதீர்கள். அவனுக்கும் கெடுதல், மற்றக் குழந்தைகளுக்கும் கெடுதல்.

கையோடு கொண்டுபோன பொருட்களில் முக்கியமானது உப்புச் சீனிக் கரைசல் பொட்டலம். அது கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு கலந்துகொள்ளலாம். அளவு மாறக் கூடாது. குளிர்ந்த மாதமானாலும் குழந்தைகளுக்கு அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் கொடுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, குழந்தை உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குத் தூக்கிப் போய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உடுப்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை. தண்ணீர் விளையாட்டுக்குப் பல பூங்காக்களில் பருத்தி உடை ஆகாது, நைலான் உடைதான் வேண்டும் என்பார்கள். பயர் ஆபீஸிலோ நைலான் பக்கமே போகக் கூடாது; மின்பொறி பறந்துவிடும் என்று பருத்திதான் உடுத்தச் சொல்வார்கள். நாத்தனார் கடையில் வாங்கிய நைலான் உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் போட்டுட்டு எங்க ஆபீஸ் வாசல்ல நின்னா உள்ளேயே விடமாட்டாங்க மதினி!" என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

அன்றைக்கு வரிசை இல்லாமல் இல்லை. ஆனால் நிற்கும் நேரத்தைவிட விளையாடும் நேரம் அதிகமாக இருந்தது. சாத்தூர் சேவும் புளிச்சாதமும் வழியிலேயே தீர்ந்துவிட்டன. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் சின்ன வயதில் ராட்டினம் ஏறியதோடு சரி, அதற்கப்புறம் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கீழே செருப்புக்குக் காவல் நிற்பதே நாத்தனாரின் வழக்கம். அன்று அவள் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். செருப்புகளை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்! அலுமினியப் பொடி ஏறி நகக்கண்ணில் வெள்ளி மின்னும் அந்தக் கைகள், சறுக்கில் வரும்போது இரண்டும் மேலே தூக்கி இருந்தன. சாயங்காலம் வண்டியில் ஏறியதும், "நாளைக்கு ஆபீஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

எங்களுக்கு மாசி ஒத்து வந்ததால் எல்லோருக்கும் மாசி என்று சொல்ல மாட்டேன். சென்னைப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மழையை மனதில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அந்த ஊரை என்ன பாடு படுத்தியது! கொச்சிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. கார்த்திகை முதல் மகரஜோதி வரை கேரளா போகும் ரயில்களில் சபரிமலை சாமிமார் கூட்டம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது; ஆகவே நாளை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். விவசாய வீட்டுக்கு அறுப்பும் நடவும் முடிய வேண்டும். ஜவுளிக் கடைக்காரர் வீட்டுக்கு ஆடித் தள்ளுபடி முடிய வேண்டும். எந்த வீடானாலும் வானம், பள்ளிக்கூடம், சம்பாதிப்பவரின் வேலை, கையில் காசு, நம் உடம்பு என்ற ஐந்தையும் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். நான்கு ஒத்து வந்து ஐந்தாவது இடித்தால், இடிபடுவது பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம்.

ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷக் காலண்டர் எங்கள் ஊரில் பிறந்துவிடுகிறது. தை மாதம் அது உங்கள் அடுப்படிச் சுவருக்கு வந்து சேரும்போது, கலியாணம் காதுகுத்து குறிப்பதற்கு முன்னால், உங்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சிவப்பு வட்டம் போட்டுவிடுங்கள். அதற்கு மே மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?